விஸ்கான்சின் ஓநாய் வேட்டை, பிப்ரவரி 2021: 119 என்ற வரம்பு 218 ஆனது எப்படி?

#1 ஏரிக்கரை

ஓநாய் வேட்டை வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. ஒரே ஒரு பருவத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

2020 நவம்பரில் அமெரிக்க மத்திய அரசு சாம்பல் ஓநாயை அழியும் நிலை உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கும் விதியை வெளியிட்டது. 2021 ஜனவரி 4 முதல் அது அமலுக்கு வந்தது. விஸ்கான்சின் மாநில இயற்கை வளத் துறை, நவம்பரில் பருவம் வைக்கலாம், அதுவரை மேலாண்மைத் திட்டத்தைப் புதுப்பிக்கலாம் என்றது. கான்சஸைச் சேர்ந்த ஹண்டர் நேஷன் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. இந்த மாதமே நடத்து என்று ஜெஃபர்சன் கவுண்டி நீதிமன்றம் பிப்ரவரி 11 அன்று உத்தரவிட்டது. 15-ஆம் தேதி இயற்கை வள வாரியம் கூடி 200 என்று வரம்பு வைத்தது. அதில் 81 ஓஜிப்வே பழங்குடிகளின் ஒப்பந்தப் பங்கு. மீதி 119 மாநில உரிமம் வாங்கியவர்களுக்கு.

22-ஆம் தேதி வேட்டை தொடங்கியது. 28 வரை ஓடியிருக்க வேண்டும். 24-ஆம் தேதி பிற்பகலுக்குள் எல்லா மண்டலங்களையும் மூடிவிட்டார்கள். பதிவான ஓநாய்கள் 218. மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை.

பெரும்பாலும் சட்டப்படி நடந்த வேட்டை இது. விதியை மீறாமலே வரம்பு 83 சதவீதம் தாண்டியது என்றால் கோளாறு விதியில்தான் இருக்கிறது. எந்த விதியில் என்று விவரமாகப் பேசுவோம்.

#2 வடகாடன்

அண்ணே, நாய் விஷயம் தெரியாம இதைப் பேச முடியாது. பதிவானதுல 86 சதவீதம் நாய் வச்சு எடுத்தது. அப்போ ஓநாயை நாய் விட்டு வேட்டையாட அனுமதி கொடுத்த ஒரே மாநிலம் விஸ்கான்சின்தான்.

வேலை இப்படி நடக்கும். ராத்திரி பனி விழுந்து நின்ன உடனே காட்டுச் சாலைகள்ல வண்டியை மெதுவா விட்டுட்டுப் போவாங்க. சாலையைக் குறுக்கே கடந்த தடம் கிடைச்சா இறங்கிப் பாப்பாங்க. தடத்தோட விளிம்பு இறுகி உறைஞ்சிருந்தா பழசு. உதிரியா, கை வச்சா சரியுற மாதிரி இருந்தா புதுசு. புதுத் தடத்துல ஜிபிஎஸ் காலர் மாட்டின நாய்களை இறக்குவாங்க. ஒரு நேரத்துல ஆறு நாய்தான்னு சட்டம். ஆனா களைச்ச நாயைத் தூக்கிட்டுப் புது நாயை விடத் தடையில்லை. ஓநாய் கரடி மாதிரி மரம் ஏறாது, ஓடிக்கிட்டே இருக்கும். அதனால ஓட்டம் எந்தச் சாலையைக் கடக்கப் போகுதுன்னு காலர் திரையில பாத்து, துப்பாக்கிக்காரர் முன்னாடியே போய் அந்த இடத்துல நிப்பார்.

இதுக்குத் தேவை மூணு. பனி, சாலை, நாள் கணக்கா வண்டியில சுத்த ஆள். பிப்ரவரி கடைசியில மூணும் இருந்துச்சு. நவம்பர்ல பனியே உறுதி கிடையாது. மான் துப்பாக்கிப் பருவம் முடியுற வரைக்கும் நாயும் விட முடியாது.

நான் வேட்டைக்கு ஆதரவு. ஆனா இந்தப் பருவத்தை நல்ல உதாரணம்னு சொல்ல மாட்டேன்.

#3 தணிகை

முதல் நாள் இரவே எண்ணிக்கை எகிறுவது தெரிந்திருக்குமே. உடனே மூடியிருக்கக் கூடாதா?

#4 மலர்விழி

மூட முடியாது தணிகை. அங்கேதான் சட்டச் சிக்கல்.

கொன்றவர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தால் போதும். ஒரு மண்டலத்தை மூட வேண்டுமானால் துறை 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். இரண்டையும் கூட்டுங்கள். திங்கள் காலை பத்து மணிக்கு விழுந்த ஓநாய் செவ்வாய் காலைதான் துறையின் கணக்கில் ஏறலாம். அதைப் பார்த்து உடனே அறிவித்தாலும் மூடுவது புதன் காலை. நிறுத்தத்துக்கே 48 மணி நேரம் பிடிக்கும். மொத்தப் பருவமே ஏறக்குறைய அதற்குள் முடிந்துவிட்டது. செவ்வாயன்று அறிவித்து, புதனன்று மண்டலங்கள் மூடின. துறை தூங்கவில்லை. சட்டம் கொடுத்த வேகம் அவ்வளவுதான்.

இரண்டாவது, உரிமம். முந்தைய பருவங்களில் வரம்பைப் போலப் பத்து மடங்கு உரிமம். பொறியும் அழைப்பு ஊதலும் வைத்து வேட்டையாடுவோரில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்ற கணக்கு. இந்த முறை வாரியம் இருபது மடங்கு என்றது. 119-க்கு 2,380. வாங்கியவர்கள் 1,548 பேர். அந்த முந்தைய பருவங்களின் தோல்வி விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கை, அதையும் இரட்டிப்பாக்கி, பனியும் நாயும் இருக்கும் பிப்ரவரிக்குப் பயன்படுத்தினார்கள்.

மூன்றாவது, ஆணிவேர். 2012 ஏப்ரலில் கையெழுத்தான 169-ஆம் எண் சட்டம். ஓநாய் மத்தியப் பட்டியலில் இல்லாவிட்டால் துறை வேட்டைப் பருவம் நடத்தியே ஆக வேண்டும் என்கிறது. "நடத்தலாம்" என்று இல்லை. நவம்பர் முதல் சனிக்கிழமையில் தொடங்கி பிப்ரவரி இறுதி வரை என்று தேதியும் சட்டத்திலேயே உண்டு. நாய், இரை வைத்து ஈர்ப்பது, இரவு வேட்டை எல்லாமே சட்டமன்றம் எழுதியவை. மற்ற விலங்குகளுக்கு இவற்றைத் துறை விதியாக வைக்கும், ஆண்டுக்கு ஆண்டு மாற்றும். ஓநாய்க்கு மட்டும் உயிரியலாளர் கையைக் கட்டிவிட்டார்கள். நீதிபதி பிப்ரவரியிலேயே நடத்தச் சொன்னதும் இதன்படிதான்.

#5 கணக்குப்பிள்ளை

எண்ணிக்கையைப் பற்றி ஒரு தெளிவு தேவை. வேட்டைக்கு முன் "விஸ்கான்சினில் 1,195 ஓநாய்" என்று செய்தித்தாளில் வந்தது தலையெண்ணிக்கை இல்லை.

முன்பு தன்னார்வத் தடம் காண்போரும் துறை ஆட்களும் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக எண்ணிக் குறைந்தபட்ச எண்ணிக்கை சொல்வார்கள். எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியதும் அது கட்டுப்படியாகவில்லை. இப்போது மாதிரிக் கணக்கு. பனித்தடத் தரவிலிருந்து ஓநாய் இருக்கும் பரப்பளவை மதிப்பிடுவார்கள். ஜிபிஎஸ் காலர் போட்ட ஓநாய்களிலிருந்து ஒரு கூட்டத்தின் எல்லைப் பரப்பு கிடைக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, சராசரிக் கூட்ட அளவால் பெருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குளிர்காலத்தில் மூன்று, நான்கு ஓநாய்தான்.

இதில் பிழை எங்கே வரும்? காலர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எல்லைப் பரப்பு ஆடும். எல்லையை 10 சதவீதம் குறைத்து மதிப்பிட்டாலே மாநில எண்ணிக்கையில் நூற்றுக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடக் கூடாது. 2022 மதிப்பீடு 972 என்பார்கள். அதன் வீச்சு 812 முதல் 1,193 வரை.

வேட்டைக்குப் பிறகு வந்த மதிப்பீடு 1,126. "218 கொன்றும் குறையவில்லை பார்" என்று அதை வைத்து வாதிட்டவர்கள் உண்டு. பனித்தட வேலையின் பெரும்பகுதி பிப்ரவரி கடைசிக்கு முன்பே முடிந்துவிடும். வேட்டையின் விளைவை அந்த ஆண்டு எண் காட்டாது. அடுத்த ஆண்டின் 972-தான் பேசுகிறது.

மறுபக்கம், விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கட்டுரை, மறைவாக நடக்கும் கள்ளவேட்டையையும் சேர்த்து ஓராண்டில் 27 முதல் 33 சதவீதச் சரிவு என்றது. துறையின் பிந்தைய எண்கள் அவ்வளவு சரிவைக் காட்டவில்லை. கள்ளவேட்டை எவ்வளவு என்ற அனுமானத்தில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. அங்கே நேரடித் தரவு மெல்லியது.

#6 வடகாடன்

எண் குறையுறது தப்புன்னு எல்லாரும் எடுத்துக்கிறீங்க. 1999 திட்டத்துல பழங்குடி ஒதுக்கிட நிலத்துக்கு வெளியே 350 ஓநாய்னு இலக்கு எழுதினதும் இதே துறைதான். அப்போ வடக்கு மாவட்டத்துக்காரங்க அதை நம்பி ஒத்துக்கிட்டாங்க. 350 தாண்டியாச்சு, 700 ஆச்சு, ஆயிரம் தாண்டியாச்சு. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு, திரும்பப் பட்டியல். 2012-ல 117 எடுத்தாங்க, 2013-ல 257, 2014-ல 154. அந்த மூணு பருவத்துல ஓநாய் அழிஞ்சு போகலை. 2014 டிசம்பர்ல வாஷிங்டன் நீதிமன்றம் மறுபடி பட்டியல்ல சேத்துச்சு. ஆறு வருஷம் யாராலும் ஒண்ணும் செய்ய முடியலை.

சொன்ன வார்த்தையைக் காப்பாத்தலைங்கற கோவம் அங்க நிஜமா இருக்கு. பிப்ரவரியில அத்தனை பேர் வண்டியை எடுத்துக்கிட்டு இறங்கினதுக்கு அந்தக் கோவமும் காரணம். "அடுத்த வாரம் கோர்ட்டு நிறுத்திடும், இப்ப விட்டா கிடைக்காது"ன்னு நினைச்சா யாரும் நிதானமா வேட்டையாட மாட்டாங்க.

மானையும் பேசணும். வடக்குக் காட்டுல மான் குறைஞ்சிருக்கு.

#7 கணக்குப்பிள்ளை

> 350 இலக்கு

அந்த எண்ணின் நோக்கம் வேறு. அப்போது மாநிலத்தில் சுமார் 200 ஓநாய். எத்தனை தாங்கும் என்று யாருக்கும் நேரடித் தரவு இல்லாத காலம். 350 என்பது அந்த எல்லையில் மேலாண்மைக் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கலாம் என்ற புள்ளி. காலப்போக்கில் அது உச்சவரம்பாக வாசிக்கப்பட்டது. வாக்குறுதி மீறப்பட்டதாக மக்கள் உணர்ந்தது உண்மை, அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் இருபது ஆண்டுத் தரவு கிடைத்த பிறகும் அதே எண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு உயிரியல் காரணம் இல்லை.

மான்: ஒரு ஓநாய் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 மான் தின்னும். ஆயிரம் ஓநாய்க்கு 20,000. மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் எடுப்பது ஆண்டுக்கு 3 லட்சத்தை ஒட்டி. ஆகவே மாநில அளவில் ஓநாய் மானை ஒழிக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது வடகாடு. அங்கே மான் அடர்த்தி முதலிலேயே குறைவு, கடும் பனி ஆண்டில் குட்டிகள் மடியும், காடு முதிர்ந்து இளந்தளிர் குறைந்துவிட்டது. அந்த மூன்றோடு ஓநாயும் சேரும்போது குறிப்பிட்ட பகுதிகளில் வித்தியாசம் தெரியும்.

ஓநாய் வந்த கவுண்டிகளில் மான் மீது வாகனம் மோதும் விபத்து சராசரி 24 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓநாய் சாலை, ஓடை ஓரமாக நடக்கும், மான் அந்த ஓரங்களைத் தவிர்க்கிறது என்பது அவர்கள் விளக்கம். அதில் மிச்சமாகும் தொகை, கால்நடைக்குக் கொடுக்கும் இழப்பீட்டைப் போல 63 மடங்கு. ஆனால் மிச்சம் பிடிப்பது காப்பீட்டுக்காரரும் கார் ஓட்டுபவரும். கன்றை இழப்பது பண்ணைக்காரர். அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

#8 பட்டிக்காரன்

கால்நடைப் பக்கம் யாரும் பேசலை, அதனால நீளமா எழுதுறேன்.

பொழுதுபோக்கு வேட்டையால கன்று காப்பாத்தப்படும்ங்கறது பலவீனமான வாதம். விஸ்கான்சின்ல பண்ணைத் தாக்குதல் வருஷா வருஷம் அதே சில பண்ணைகளைச் சுத்தித்தான் நடக்கும். வேட்டை நடக்கிறது பெரும்பாலும் பொதுக் காட்டுல, பண்ணையே பாக்காத கூட்டங்கள் மேல. நல்ல பிள்ளையா மானை மட்டும் தின்னுக்கிட்டிருந்த கூட்டத்தோட தலைமை ஜோடியைக் கொன்னா, மிச்சம் இருக்கிற ஒரு வயசுக் குட்டிக்கு மானை மறிக்கத் தெரியாது. அதே இடத்துக்குப் புதுசா எது வந்து உக்காரும்னும் சொல்ல முடியாது.

இதுல ஆய்வும் ஒண்ணுக்கொண்ணு முட்டுது. 2014-ல வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரங்க 25 வருஷத் தரவை வச்சு, ஓநாயைக் கொன்னா அடுத்த வருஷம் கால்நடைச் சேதம் கொஞ்சம் கூடுதுன்னு சொன்னாங்க. அதே தரவை வேற புள்ளியியல் முறையில போட்டவங்க அப்படி இல்லைன்னாங்க. அதனால "கொன்னா கூடும்"னும் அடிச்சுச் சொல்ல மாட்டேன், "கொன்னா குறையும்"னும் சொல்ல மாட்டேன்.

வேலை செய்யறது குறி வச்ச நீக்கம். பக்கத்து மின்னசோட்டாவைப் பாருங்க. 1978-லருந்து அங்க ஓநாய் "அச்சுறுத்தலுக்குள்ளானது"ங்கற கீழ் வகுப்புல இருக்கு. அதனால கால்நடை அடிபட்டது உறுதியானா, அந்த இடத்திலருந்து அரை மைல் சுற்றளவுக்குள்ள மத்திய வனவிலங்குச் சேவைக்காரங்க பொறி வச்சுப் பிடிச்சுக் கொல்லலாம். வருஷத்துக்கு 150, 200-ன்னு போகும். அங்க மொத்தம் 2,700 அளவுல ஓநாய் இருக்கு, எண்ணிக்கை சரியலை. எல்லை தாண்டி விஸ்கான்சின் வந்தா அதே ஓநாய் "அழியும் நிலை". மனுஷ உயிருக்கு ஆபத்துன்னாத்தான் தொடலாம். பண்ணைக்காரருக்கு எரிச்சல் வர்றது இங்கதான். அவர் கேக்கிறது 218 இல்லை. தன் வேலிக்குள்ள வந்த நாலை.

தாக்குதலை உறுதி செய்யறதுலயும் நிறைய பேர் கோட்டை விடறாங்க:

செத்த கன்றைப் பாத்தா முதல்ல தார்ப்பாய் போட்டு மூடணும், ஓரத்துல கல் வைக்கணும். காக்கா, கழுகு, நரி ஒரே ராத்திரியில ஆதாரத்தைத் தின்னுரும். சுத்தி நடக்கக் கூடாது, நாயை விடக் கூடாது, தடம் கெட்டுரும். உடனே கூப்பிடணும். வர்றவர் தோலை உரிச்சுத்தான் பாப்பார். ஓநாய் கடிச்ச இடத்துல தோலுக்கு அடியில ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பா இருந்தா, உயிரோட இருக்கும்போது கடிபட்டதுன்னு அர்த்தம். கடி இருக்கு, ரத்தக்கட்டு இல்லைன்னா, வேற காரணத்தால செத்ததை அப்புறமா தின்னிருக்கு. கோரைப்பல் ரெண்டுக்கும் இடைவெளி ஓநாய்க்கு நாலரை, அஞ்சு செ.மீ. கயோட்டிக்கு (ஓநாயை விடச் சின்ன காட்டு நாய் இனம்) மூணு செ.மீ. பக்கம்தான். கன்றுல தொடையோட பின்பக்கம், விலா, கழுத்துப் பக்கம் பாக்கணும். அப்புறம்தான் "உறுதி", "அநேகமாக", "உறுதியில்லை", "ஓநாய் அல்ல"ன்னு வகைப்படுத்துவாங்க. முதல் ரெண்டுக்குத்தான் காசு. மூணு நாள் கழிச்சு வீச்சம் வந்த பிறகு கூப்பிட்டா "உறுதியில்லை"தான் வரும். அதை வச்சு "அரசு ஒத்துக்கலை"ன்னு சொல்றதுல நியாயம் இல்லை.

#9 தணிகை

பட்டிக்காரன் அண்ணா, கொடி கட்டிய கயிறு பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையிலேயே ஓநாய் அதைத் தாண்டாதா?

#10 பட்டிக்காரன்

தாண்டாது, கொஞ்ச காலத்துக்கு. கிழக்கு ஐரோப்பாவுல ஓநாயை வளைச்சுப் பிடிக்கப் பயன்படுத்தின பழைய முறை. சிவப்புத் துணிக் கீற்று, 10 செ.மீ. அகலம், 45–50 செ.மீ. நீளம். 45 செ.மீ.க்கு ஒண்ணா கயித்துல தைக்கணும். கீழ் நுனி தரைக்கு ஒரு சாண் உயரத்துல தொங்கணும். அதுக்கு மேல தூக்கினா அடியில நுழையும்.

தப்பு நடக்கிற இடங்கள்: காத்துல கீற்று கயித்தைச் சுத்திக்கும், அங்க ஒரு வாசல் திறந்துரும். அதனால தினமும் ஒரு சுத்து நடக்கணும், சுத்தினதைப் பிரிச்சு விடணும். மாடு துணியைச் சப்பும், அதனால மாட்டு வேலியிலருந்து ஒண்ணு ரெண்டு மீட்டர் தள்ளி வெளிப்பக்கமா கட்டணும். புல் வளந்து கீற்றைத் தூக்கும், பனி விழுந்து மூடும். எல்லாம் சரியா இருந்தாலும் 60–90 நாள்ல ஓநாய்க்குப் பழகிரும். அதனால வருஷம் முழுக்கக் கட்டி வைக்கறது வீண். கன்று ஈனும் காலத்துக்கு முன்னாடி கட்டி, முடிஞ்சதும் அவுத்து வைக்கணும்.

மின்கம்பிக் கயிறு சேத்தா இன்னும் நாள் தாங்கும். மூக்கை வச்சுப் பாக்கும்போது அடி விழணும். உறைஞ்ச மண்ணுல, காய்ஞ்ச பனியில நிலத்தொடர்பு கிடைக்காது, அடி விழாது. பூமிக் கம்பியை ஆழமா அடிக்கணும், இல்லைன்னா ரெண்டாவதா ஒரு நிலக்கம்பியைக் கூடவே ஓட்டணும்.

பெரிய மேய்ச்சல் நிலத்துக்கு இது ஆகாது. 16 ஹெக்டேர் ஈனும் பட்டிக்கு ஆகும். திறந்த மலைக்கு ஆளும் காவல் நாயும்தான் வழி. ஐடஹோவுல வுட் ரிவர் பக்கம் செம்மறிக் கிடைகளுக்கு ஆள், நாய், விளக்கு, கொடி எல்லாம் மாத்தி மாத்தி ஏழு வருஷம் செஞ்சு பாத்தாங்க. அப்படிச் செய்யாத பக்கத்துப் பகுதியில ஓநாயால செத்த ஆடு மூன்றரை மடங்கு அதிகம். கூலி யார் கொடுக்கிறதுங்கறதுதான் அங்கயும் தகராறு.

இன்னொண்ணு. செத்த மாட்டைக் காட்டோரம் இழுத்துப் போடற பழக்கம் இருக்கிற பண்ணையில மேல சொன்ன எதுவும் பலிக்காது. முதல்ல அந்தப் பிணக்குழியை மூடணும்.

#11 கிச்சிலிமரம்

81 என்ற எண்ணை எல்லாரும் கடந்து போகிறீர்கள்.

1837, 1842 ஒப்பந்தங்களில் ஓஜிப்வேக்கள் வடக்கு விஸ்கான்சின் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, அந்த நிலத்தில் வேட்டையாடி, மீன்பிடித்து, சேகரித்து வாழும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1983-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பரப்பில் எடுக்கக்கூடியதில் பாதி அவர்களுக்கு. 81 அப்படி வந்தது.

அவர்கள் அந்த 81-ஐக் கொல்லப் போவதில்லை. அவர்களுடைய படைப்புக் கதையில் முதல் மனிதனோடு சேர்ந்து உலகைச் சுற்றி நடந்த சகோதரன் மஈங்கன், ஓநாய். ஓநாய்க்கு நேர்வது தங்களுக்கும் நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பங்கைக் கோரியது உயிரோடு விட்டுவைக்க. வரம்பை 99 தாண்டியபோது மாநில வேட்டைக்காரர்கள் தங்கள் பங்கை மட்டும் மீறவில்லை, பழங்குடிகள் பாதுகாக்க ஒதுக்கியதையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். உத்தரவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே பதினோரு நாள். ஒப்பந்தம் கோரும் கலந்தாய்வு அதற்குள் நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில் வாரியம், அந்த இலையுதிர் பருவத்துக்குத் துறை பரிந்துரைத்த 130-ஐ ஒதுக்கிவிட்டு 300 என்று வைத்தபோது ஆறு பழங்குடிகள் கூட்டாட்சி நீதிமன்றம் போனதற்குக் காரணம் இது.

#12 மலர்விழி

கிச்சிலிமரம் சொன்னதோடு சேர்க்க: அந்த இலையுதிர் பருவம் நடக்கவில்லை. அக்டோபரில் டேன் கவுண்டி நீதிபதி தடை விதித்தார். 2012-இல் இருந்து தற்காலிக விதிகளையே ஓட்டிக்கொண்டு நிரந்தர விதி எழுதாமலும், மேலாண்மைத் திட்டத்தைப் புதுப்பிக்காமலும் விட்டதுதான் காரணம். பிறகு 2022 பிப்ரவரி 10-ஆம் தேதி கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், வடக்கு ராக்கி மலைப்பகுதி நீங்கலாக, ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்தது.

வாரியத்தையும் சொல்ல வேண்டும். 300 என்று வாக்களித்தபோது தலைவராக இருந்தவரின் பதவிக்காலம் அந்த மே மாதமே முடிந்திருந்தது. அடுத்தவரைச் செனட் உறுதி செய்யும் வரை விலக மாட்டேன் என்று அமர்ந்திருந்தார். 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அறிவியல் பரிந்துரையை யார் வாங்கி, யார் மாற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

#13 வடகாடன்

பழங்குடிப் பங்கு பத்தி கிச்சிலிமரம் சொன்னது சரி. அதுல எனக்கு வாதம் இல்லை.

நாய் சாவு பத்தியும் சொல்லணும், ஏன்னா வடக்குல கோவத்தோட பாதி அதுதான். கரடி வேட்டைக்கு நாய் பழக்கறது ஜூலை 1-ல தொடங்கும். அந்த நேரம் ஓநாய்க் குட்டி குகையை விட்டு வெளிய வந்து, ஒரு திறந்த இடத்துல கூடி இருக்கும். பெருசுங்க இரை தேடிப் போய்ட்டு அங்க திரும்பும். கரடித் தடத்துல ஓடற நாய் அதுக்குள்ள நுழைஞ்சா, ஓநாய்க்கு அது எல்லை மீறின எதிரிக் கூட்டம். ஓநாய் சும்மா விடாது.

துறை ஒவ்வொரு சாவுக்கும் நாலு மைல் எச்சரிக்கை வட்டம் போட்டு வரைபடம் வெளியிடும். காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அதைப் பாக்கணும். வட்டத்துக்குள்ள புதுத் தடம், எச்சம், ஊளை எதாவது இருந்தா நாயை இறக்கவே கூடாது. நாய்க்கு 2,500 டாலர் வரைக்கும் இழப்பீடு உண்டு. அந்தக் காசுக்காக வட்டத்துக்குள்ள விடறாங்கன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன், நல்ல நாயோட விலை அதுக்கு மேல. ஆனா எச்சரிக்கை வட்டத்துக்குள்ள தெரிஞ்சே விட்டவருக்கும் அதே தொகை கொடுக்கறது தப்பு. அதைக் குறைக்கணும். ஓநாய் வேட்டையில செத்த நாய்க்கு ஏற்கனவே இழப்பீடு கிடையாது.

#14 ஏரிக்கரை

பிப்ரவரி என்ற மாதத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஓநாய் இணைவது அந்த மாதத்தில்தான். 63 நாள் சினை. ஏப்ரல் நடுவில் ஈற்று. கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் குட்டி போடும். நவம்பரில் கொல்லப்படுவதில் பாதிக்கு மேல் அந்த ஆண்டுக் குட்டிகளும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரியும் இளசுகளுமாக இருக்க வாய்ப்பு உண்டு. பிப்ரவரி கடைசியில் நாயை விட்டுத் துரத்தினால் எது விழும் என்று தேர்வே இல்லை. சினைப்பெண் விழுந்தால் அந்தக் கூட்டத்துக்கு அந்த ஆண்டு குட்டி இல்லை. விழுந்தவற்றில் சுமார் பாதி பெண். எத்தனை சினை என்ற முழுக் கணக்கு எடுக்கப்படவே இல்லை.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கம் தரவு இருக்கிறது. மொன்டானா மாநிலம் 2021-இல் பூங்காவின் வடக்கு எல்லையில் இருந்த சிறு வரம்பை எடுத்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் பூங்காவுக்கு வெளியே கால் வைத்த 25 யெல்லோஸ்டோன் ஓநாய்கள் கொல்லப்பட்டன. பாண்டம் லேக் கூட்டம் முழுதாகப் போயிற்று. பூங்காக்களின் நீண்டகாலத் தரவை வைத்து 2023-இல் வந்த ஆய்வு, மனிதரால் தலைமை ஓநாய் இறந்தால் அந்தக் கூட்டம் ஆண்டு முடியும்வரை நிலைப்பதற்கான வாய்ப்பு 73 சதவீதமும், அடுத்து குட்டி போடும் வாய்ப்பு 49 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது.

மாநிலத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஆண்டுக்கு 29 சதவீதம் வரை எடுத்தாலும் ஓநாய்த் தொகை ஈடுகட்டும் என்று அலாஸ்கா ஆய்வு ஒன்று உண்டு. 1,195-இல் 218 என்பது 18 சதவீதம்தான். வேட்டை ஆதரவாளர்கள் இதைக் காட்டுகிறார்கள், எண்ணளவில் சரிதான். ஆனால் அலாஸ்காவில் வெளியிலிருந்து வந்து நிரப்ப ஓநாய் உண்டு. விஸ்கான்சினில் வாகனம், கள்ளவேட்டை, நோய் ஆகியவற்றால் சாவதையும் அந்த 218-உடன் கூட்ட வேண்டும்.

#15 தணிகை

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டையே இல்லை, ஓநாய் 1972 சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கேயும் அப்படியே தடை செய்துவிட்டால் இவ்வளவு சிக்கல் வராதே?

#16 மலர்விழி

மிச்சிகனில் மக்களே வாக்களித்து எதிர்த்தார்கள். 2013-இல் ஒரு பருவம் நடந்து 22 ஓநாய் விழுந்தது. 2014 நவம்பரில் வேட்டைக்கு வழிவிட்ட இரண்டு சட்டங்களைப் பொதுவாக்கெடுப்பு நிராகரித்தது. ஆக அது நடக்காத காரியம் இல்லை. ஆனால் விஸ்கான்சினில் சட்டமன்றம் எழுதியதைப் புரட்டிப்போடக் குடிமக்கள் மாநில அளவில் வாக்கெடுப்பு கோர வழியில்லை. 169-ஆம் சட்டத்தைச் சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும்.

தடையும் பண்ணைக்காரருக்கு விடை இல்லை, பட்டிக்காரன் சொன்னதைப் பாருங்கள். ஐரோப்பாவில் கடும் பாதுகாப்பு நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. 2024 டிசம்பரில் பெர்ன் உடன்படிக்கை (ஐரோப்பிய வனவிலங்குப் பாதுகாப்பு ஒப்பந்தம்) நாடுகள் ஓநாயின் பாதுகாப்பு வகுப்பைக் கீழிறக்க வாக்களித்தன. குறி வைத்து நீக்கும் வழியை இறுக்கி வைத்தால் அழுத்தம் பொது வேட்டை பக்கம்தான் உடையும்.

#17 வடகாடன்

சரி, அடுத்த பருவம் வந்தா என்ன மாத்தணும்? என் பட்டியல்: மண்டலத்துக்கு மண்டலம் தனி உரிமம், மாநிலம் முழுக்கச் செல்லற உரிமம் வேண்டாம். பத்து மடங்கு உரிமத்தையும் குறைச்சு அஞ்சு. கொன்ன அன்னிக்கே போன்ல பதிவு. நவம்பர், டிசம்பரோட முடிக்கணும். நாய் விடறதை டிசம்பர்ல மட்டும் சின்ன ஒதுக்கீட்டுல வைக்கலாம்.

#18 ஏரிக்கரை

கடைசியில் மட்டும் உடன்பட மாட்டேன். ஒதுக்கீடு 20 என்று வைத்து நல்ல பனி விழுந்தால் ஒரே காலையில் 20 தாண்டும். பதிவு வேகமானாலும் ஓடிக்கொண்டிருக்கும் நாயைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. மற்றது எல்லாம் சரி. 24 மணி நேர முன்னறிவிப்பை எடுத்து, அறிவித்த கணமே மூடும் அதிகாரம் துறைக்கு வேண்டும் என்பதையும் சேருங்கள். உடலைக் கொண்டுவந்து காட்டி, பல்லும் கருப்பையும் எடுத்துக்கொண்ட பிறகே பதிவு என்றும் வேண்டும். வயதும் சினையும் தெரியாமல் அடுத்த ஆண்டு வரம்பு வைப்பதில் அர்த்தமில்லை.

#19 மலர்விழி

இவற்றில் பாதி துறையின் கையில் இருக்கிறது. 2023 அக்டோபரில் ஏற்கப்பட்ட புதிய திட்டம் 350 என்ற எண்ணை விட்டுவிட்டு, 800 முதல் 1,200 வரையிலான வீச்சைச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு சரிசெய்யும் முறைக்கு மாறியது. மண்டல உரிமம், விரைவுப் பதிவு, ஒதுக்கிட நிலங்களைச் சுற்றித் தனி உபமண்டலம் ஆகியவை அதில் உண்டு. நிலையான எண் வேண்டும் என்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2024-இல் ஆளுநர் எவர்ஸ் ரத்து செய்தார்.

மீதிப் பாதி, அதாவது நாய், பிப்ரவரி, கட்டாயப் பருவம், 169-ஆம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. ஓநாயைப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதா 2024 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 209-க்கு 205 என்று நிறைவேறியது, செனட் தாண்டவில்லை. அப்படி ஒன்று டிசம்பரில் சட்டமாகி ஜனவரியில் அமலானால், 2021-இல் போட்ட அதே மனுவை அதே வாசகத்தோடு மறுபடி போடலாம். நீதிபதி படிக்கப் போவதும் அதே வரிதான். அதனால் பட்டியல் பற்றிய வழக்குக்காகக் காத்திருக்காமல், ஓநாய் பட்டியலில் இருக்கும் இப்போதே மாநிலத் தலைநகர் மேடிசனில் திருத்தம் கேட்க வேண்டும். வேட்டைக்காரர்களும் பழங்குடிகளும் சேர்ந்து கேட்கக்கூடிய திருத்தம் ஒன்று இருக்கிறது: உடனடி மூடல். யாருக்கும் அதில் இழப்பில்லை.

#20 பட்டிக்காரன்

அதோட இதையும் கேளுங்க மேடம்: மின்னசோட்டா மாதிரி அரை மைல் விதி, விஸ்கான்சினுக்கும் மிச்சிகனுக்கும். அதுக்கு மத்திய அரசு ஓநாயை முழுசா நீக்க வேண்டியதில்லை, வகுப்பை ஒரு படி இறக்கி விதி எழுதினாப் போதும். நாலு ஓநாயால நாசமாகிற பண்ணைக்கு அது வந்துட்டா, பிப்ரவரி வேட்டைக்கு வடக்குல கிடைக்கிற ஆதரவுல பெரும்பங்கு தானா கரைஞ்சுரும்.